நிமிடத்துக்கு நூற்றியெட்டு அடி

ஆகஸ்ட் 4, திங்கள்

சர்க்கரை டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்ததைத் தினமும் எழுதி வைக்கவும் சொன்னார். எழுதி வைக்காதவர்கள் நடப்பதில்லையாம். முப்பத்தைந்து வருடமாகக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுகிற என்னிடம், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொல்கிறார். பக்கத்தில் நின்று வசந்தமணி தலையாட்டினாள். கட்டிய மனைவி நம் பக்கம் நிற்பாள் என்று யார் சொன்னது? திரும்பும் வழியில் இந்த டைரியையும் அவள்தான் வாங்கினாள். ஆகஸ்ட் மாதத்தில் டைரி பாதி விலைக்குக் கிடைக்கிறதாம்.

எடை 78 கிலோ. மருந்துக்கடை வாசல் மெஷின் 91 காட்டியது. பழுதான மெஷினை வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

பூங்காவில் நடக்க மாட்டேன். அங்கே ஓய்வுபெற்றவர்கள் நடக்கிறார்கள். நான் ஓய்வு பெறவில்லை. என் அலுவலகத்திலேயே நடக்கப் போகிறேன்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. பீளமேட்டில் இருக்கும் இந்த மூன்று மாடிக் கட்டடம் நானே வடிவமைத்தது. இரும்புத் தூண், இரும்பு உத்தரம், அதன்மேல் தகடு, தகட்டின்மேல் கான்கிரீட். இரண்டாம் மாடியில் கிழக்குப் பாதி என் அலுவலகம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இப்போதைக்கு மேசைகள் போடவில்லை. ஒரு மூலையில் என் அறை, இன்னொரு மூலையில் பரிமளம். வரைபடம், தட்டச்சு, வங்கி, தபால் எல்லாம் அவள்தான். மற்ற ஆட்களை எடுக்க வேண்டும். எடுப்பேன்.

பரிமளத்திடம் தரையில் மஞ்சள் டேப்பால் பெரிய எட்டு ஒன்று ஒட்டச் சொன்னேன். எட்டு நடைக்கு ஈடு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெற்கு வடக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க சார், ஓரமா ஒட்டட்டுங்களா?"

"ஏன், நம்ம தரை தாங்காதா? நட்டநடுவுல ஒட்டு."

ஒட்டினாள்.

செல்பேசியில் டிக் டிக் என்று தாளம் போடும் வசதி இருக்கிறது. நிமிடத்துக்கு நூறு அடி நல்ல நடை என்றது. நான் நூற்றியெட்டு என்று வைத்துக்கொண்டேன். நடப்பதுதான் நடக்கிறோம், கொஞ்சம் புண்ணியமும் சேரட்டும். பதினோரு மணிக்கு ஆரம்பித்து இருபது நிமிடம். செருப்பில்லாமல், குதிகாலை நன்றாக ஊன்றி. அப்படி ஊன்றினால் ரத்த ஓட்டம் பெருகும் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. வாட்ஸப்பில் வருவதை நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் இது அறிவியல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நடந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நடந்தேன். நடக்கும்போது பரிமளத்தின் மேசையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. அவள் மேசை சமமாக இல்லை. தச்சரைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்து முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மேற்குப் பாதியிலிருந்து டாக்டர் ஷமீனா வந்தார். போன மாதம்தான் அங்கே ஆய்வகம் தொடங்கியிருக்கிறார். நோயாளிகளின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்குகளை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்கிற வேலை. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு ஜிப்சம் தடுப்பு மட்டும்தான். அடியில் ஓடும் உத்தரம் ஒன்றே.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தத் தரை ஆடுதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாயிடம் போய் உங்கள் பிள்ளைக்குக் கால் வளைவா என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

"ஆடாதுங்க."

"பெரிய லென்ஸ் போட்டுப் பாக்கறப்ப படம் துடிக்குது சார். போட்டோ எடுத்தா ரெட்டை ரெட்டையா விழுது. கொஞ்ச நேரம்தான், அப்புறம் தானா நின்னுடுது."

"லாரி போயிருக்கும்."

"தினம் ஒரே நேரத்துக்கா சார்?"

"நம்ம ஊர்ல சில லாரிக்காரங்க நேரம் தவற மாட்டாங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நடந்தேன், கோபத்தோடு. அதனால் நடை நன்றாக இருந்தது.

பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். எந்தத் தரைக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. தன் பாரத்தில் தரை எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் பதினெட்டை வகுத்தால் அந்த வேகம் கிட்டத்தட்ட வந்துவிடும். நம் தரை பதினொரு மில்லிமீட்டர் தொய்கிறது. ஆகவே நொடிக்கு 5.4 ஆட்டம். மனிதன் நடப்பது நொடிக்கு இரண்டு அடிகூட இல்லை. ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஊஞ்சலை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தள்ள வேண்டியதில்லை, மூன்று ஆட்டத்துக்கு ஒரு தள்ளு சரியான நேரத்தில் விழுந்தாலே அது ஏறும் என்பது எனக்கும் தெரியும். அதற்குத்தான் ஆட்டத்தை விழுங்குகிற சாமான்களைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டு மேசை, அலமாரிகள், மரத் தடுப்புகள், உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கணக்கு கல் மாதிரி நிற்கிறது.

டாக்டர் ஷமீனாவுக்குக் கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கலாம். அதை எப்படி நாசூக்காகச் சொல்வது?

ஆகஸ்ட் 14, வியாழன்

கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து அதிர்வு அளக்கும் கருவியைக் கடன் வாங்கினேன். சோப்புப் பெட்டி அளவு. தரையில் வைத்து மடிக்கணினியோடு இணைத்தால், ஆட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை ஆய்வகத்தில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோடு அசையவே இல்லை.

"இன்னிக்கு ஆடலைங்க சார்," என்றார் டாக்டர் ஷமீனா, குழப்பத்தோடு.

"என்னைக்கும் ஆடாதுங்க," என்றேன், பெருந்தன்மையோடு.

இன்று நடக்க நேரமில்லை. சர்க்கரை டாக்டர் மன்னிப்பாராக.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. ஜிலேபி. (ஒன்றுதான்.)

ஆகஸ்ட் 18, திங்கள்

விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இன்று இரண்டு தவணை நடந்தேன். பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று.

நாலு மணிக்கு டாக்டர் ஷமீனா வந்தார். இன்றைக்குத்தான் மிக மோசமாம். இரண்டு முறை ஆடியதாம். காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. போட்டோவைக் காட்டினார். ஊதாப் புள்ளிகளுக்கெல்லாம் நிழல் விழுந்திருந்தது. கேமராவை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அவர் போன பிறகு பரிமளம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"நான் நடக்கிறதப் பத்தி வெளியில யார்கிட்டயும் பேசாதே. வேலை நேரத்துல சுத்திச் சுத்தி நடக்கிறான்னு நினைப்பாங்க."

"சரிங்க சார்," என்றாள். ஏனோ மறுபடியும் அதே பார்வை.

ஆகஸ்ட் 20, புதன்

முறைப்படி சோதனை செய்தேன். ஆய்வகத் தரையில்தான். புகார் அங்கே, சோதனையும் அங்கே. என் பக்கத்தை எதற்குச் சோதிக்க வேண்டும்?

முதலில் குதிகால் சோதனை. ஒருவர் நுனிக்காலில் எழும்பி, உடம்பைத் தளர்த்தி, தொப்பென்று குதிகாலில் இறங்க வேண்டும். தரை என்ன வேகத்தில் ஆடுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கருவி சொல்லிவிடும். இறங்குகிறவரின் எடை தெரிய வேண்டும். பரிமளத்திடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க சார்?" என்றாள். ஆய்வகப் பணியாளர் தினகரன் அறுபதா எழுபதா என்று இழுத்தார். இந்த நாட்டில் ஜாதகம் கேட்டால்கூடத் தந்துவிடுவார்கள், எடையைச் சொல்ல மாட்டார்கள். நானே இறங்கினேன். 78 என்று குறித்துக்கொண்டேன்.

நொடிக்கு 5.4 ஆட்டம்! நான் அன்றைக்குத் தாளில் போட்ட அதே 5.4! தினகரனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து போட்ட எண், இதோ காலடியில் வந்து நிற்கிறது. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? வசந்தமணியிடம் சொன்னேன். "சந்தோசமுங்க. ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

பிறகு தினகரனை ஆய்வக நடைபாதையில் நிமிடத்துக்கு நூறு, நூற்றிப்பத்து, நூற்றிருபது என்று நடக்கவிட்டேன். கோடு லேசாக முணுமுணுத்தது, உடனே அடங்கியது. அங்கே கனமான மேசைகளும் குளிர்பெட்டிகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, ஆட்டத்துக்கு வழியேது? 'தரை மிகச் சிறப்பாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை அடிக்கோடு.

சோதனையால் நடை தவறியது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடந்தேன். வழக்கம்போல.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் ஷமீனா என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அழுதிருப்பார் போலிருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்று தன் சதைப் பரிசோதனைகளையெல்லாம் இவருக்கே அனுப்பச் சம்மதித்திருக்கிறது. அதற்கு முன்னால் அவர்களுடைய ஆய்வுக்குழு நேரில் வந்து பார்க்கும், வரும் வியாழக்கிழமை. பெரிய லென்ஸில் படம் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் முதல் சோதனை. இதை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டிருக்கிறார்.

"சார், ஆடுற படத்தப் பாத்து ஒருத்தருக்கு இருக்கு, இல்லைன்னு என்னால எழுத முடியாது. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் இங்கிருந்து காலி பண்ணிட்டுப் போறதத் தவிர வழியில்ல."

எனக்கு வருத்தமாக இருந்தது. என் கட்டடத்திலிருந்து ஒருவர் என் தரையைக் குறை சொல்லிக்கொண்டு வெளியேறுவதா? அதைவிட, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் கீழே இறங்கும்போது பரிமளமும் டாக்டர் ஷமீனாவும் படிக்கட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. டாக்டர் ஷமீனா என் முகத்தைப் பார்க்காமல் என் பாதங்களைப் பார்த்தார். செருப்பு புதுசு, அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதிர்பாராத மரியாதை. பதினோரு மணிக்குக் கிளம்பப் போனேன், டாக்டர் ஷமீனாவே வந்து நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. தினம் பதினோரு மணிக்கு எங்க லேபுல வந்து ஒரு அரைமணி நேரம் உட்காருவீங்களா? கட்டடம் கட்டின நீங்க பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்."

மெத்தை வைத்த நாற்காலி, இஞ்சி டீ, முந்திரி பிஸ்கட். கருவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கோடு அசையவில்லை. படம் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேங்க சார்," என்றார் டாக்டர் ஷமீனா. தினகரன் எதற்கோ இருமினார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்றும் இன்றும் அதே உபசாரம். நான் உட்கார்ந்தால் தரை ஆடுவதில்லை என்பது அவர்களே கண்ட உண்மை. சிலருடைய கைராசி போல எனக்கு ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். விஞ்ஞானப்படி இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் வசந்தமணியிடம் சொன்னேன். "நீங்க சும்மா உக்காந்திருந்தாவே நாலு பேருக்கு நல்லதுன்னு நானும் சொல்லிட்டுத்தான இருக்கேனுங்க," என்றாள்.

நடை சுத்தமாக நின்றுபோயிற்று. பிஸ்கட்டை எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. நாளைக்கு அந்தக் குழு வருகிறது. டாக்டர் ஷமீனாவின் ஆய்வகம் தேறிவிட்டால் எட்டில் நூற்றியெட்டுச் சுற்றுச் சுற்றுவதாகப் பிள்ளையாரிடம் சொல்லிவைத்தேன். கொழுக்கட்டைகள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நிறைய எழுத வேண்டியிருக்கிறது. கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்கு ஆய்வகத்துக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழுவில் இரண்டு பேர். நரைத்த கொண்டை போட்ட அம்மா ஒருவர், கோப்பு வைத்திருந்த ஆள் ஒருவர். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவர் யாரு?" என்றார். இஞ்சினியர் என்றேன். வெளியாட்கள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் கருவியையும் எடுக்கச் சொன்னார். டாக்டர் ஷமீனாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் வாசலில் நின்றிருந்த பரிமளத்தைப் பார்த்தார், பரிமளம் என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அதற்கப்புறம் பரிமளம் செய்ததையெல்லாம் நினைத்தால் இப்போது புரிகிறது. உட்காருங்க சார் என்றாள். டீ என்றாள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாடிப்படி வரைபடத்தில் சந்தேகம் என்றாள். என் செல்பேசியைச் சார்ஜில் போட்டிருப்பதாகச் சொல்லி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. கருவியை எங்காவது வைக்க வேண்டுமே என்று கூடத்தின் தரையில் வைத்து, மடிக்கணினியை அவள் மேசையில் விட்டேன். அவள் ஆய்வகப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து எட்டில் இறங்கிவிட்டேன். ஜெயித்த பிறகு சுற்றுவதாகத்தான் வேண்டுதல். முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்தால் பிள்ளையார் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்? தாளம் இல்லாவிட்டால் என்ன, நூற்றியெட்டு இப்போது காலுக்கே மனப்பாடம்.

எத்தனை சுற்று என்று தெரியாது. பரிமளம் சொம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, எட்டின் நடுமுடிச்சில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நில்லுங்க சார்! ஒரு அடி எடுத்து வெக்காதீங்க!"

"என்ன இது?"

"அங்க டாக்டரம்மா பொழப்பே போய்ட்டிருக்குதுங்க. படம் ஆடுதுன்னு அந்த வயசானம்மா சொல்லிட்டு இருக்காங்க."

"அதுக்கு நான் நடந்தா என்ன?"

"நீங்க நடக்கறதுதானுங்க சார் அந்த ஆட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ டன் இரும்பும் கான்கிரீட்டும், ஒரே ஒரு மனிதன் நடந்து ஆடுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் மேசைக்குப் போய் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். இத்தனை நாளாகப் படுத்தே கிடந்த கோடு திரை முழுக்க எழும்பி நின்றது. நான் நின்றுவிட்ட பிறகும் ஆடியிருந்தது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மிக மெதுவாக அடங்கியிருந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா சார்? வெளியில பேசாதேன்னு வேற சொன்னீங்க. நான் டாக்டரம்மாகிட்ட மட்டும் சொன்னேன். பெரியவங்க மனசு நோகக் கூடாது, பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்னு அவங்கதான் சொன்னாங்க." பிறகு, "அப்படியே நில்லுங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்று நுனிக்காலில் போனாள்.

நின்றேன். வலது கால் முன்னால், இடது கால் பின்னால். அறைக்குப் போக வேண்டுமென்றால் தரையில்தான் நடந்து போக வேண்டும். அந்தத் தரையில் ஒரு அடி வைக்க எனக்குப் பயமாக இருந்தது. நானே கணக்குப் போட்ட தரை.

நிற்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நிமிடத்துக்கு நூற்றியெட்டு என்றால் நொடிக்கு 1.8. மூன்றால் பெருக்கினால் 5.4. தரையின் வேகம் 5.4. மூன்று ஆட்டத்துக்கு ஒரு தள்ளு, தவறாமல், தினம் இருபது நிமிடம். வேறெந்த எண்ணை வைத்திருந்தாலும் தப்பியிருக்கலாம். புண்ணியம் தேடி நேராகப் போய் முட்டியிருக்கிறேன்.

ஆனாலும் இவ்வளவு எழும்பக் கூடாது. அடங்க இவ்வளவு நேரம் ஆகக் கூடாது. ஆட்டத்தை விழுங்குவதற்குத்தான் கணக்கில் எல்லாம் சேர்த்திருக்கிறேனே என்று தலையை நிமிர்த்திக் கூடத்தைப் பார்த்தேன்.

கூடத்தில் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு மேசை இல்லை. அலமாரி இல்லை, தடுப்பு இல்லை. அவை வருமென்றுதான் இந்தப் பாதியை எடுத்தேன். பரிமளத்தைத் தவிர, கடைசியாக இருந்த இரண்டு பேரும் போய் மூன்று வருடமாகிறது. புது வேலையும் வரவில்லை. இப்போதைக்கு, இப்போதைக்கு என்று எல்லோரிடமும் சொல்லி, இந்த டைரியிலும் எழுதியிருக்கிறேன். என் கணக்கில் மட்டும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். தரைக்கு அது தெரியாது. அது காலிக் கூடம் ஆடுகிற மாதிரி ஆடியிருக்கிறது. அசையக்கூடாது என்பதால் கண்ணைத் துடைக்கவும் யோசனையாக இருந்தது.

பரிமளம் திரும்பி வர ஒரு யுகம் ஆயிற்று. முதலில் ஆடியதாம், பிறகு நின்றுவிட்டதாம். அதற்கப்புறம் பார்த்த எல்லாம் சுத்தமாம். ஆனால் அந்த அம்மா விடவில்லை. ஆட்டம் எதனால், இனி வராமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கட்டடத்தை வடிவமைத்த இஞ்சினியர் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"உக்காந்துக்கலாங்க சார்," என்றாள். உட்கார முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கணக்கைப் புதிதாகப் போட்டேன். மேசைகளை எடுத்தேன், அலமாரிகளை எடுத்தேன், ஆட்களை எடுத்தேன். ஒரு ஆளை நடக்கவிட்டேன். எடை 78 போட்டால் நேற்று கருவி வரைந்ததோடு ஒத்துவரவில்லை. 91 போட்டேன். அச்சாக ஒத்துவந்தது. மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பிறகு அறிக்கை. 'சாலையில் செல்லும் கனரக வாகனங்களால் எப்போதாவது ஏற்படும் அதிர்வு' என்று சொல்லச் சொல்லப் பரிமளம் தட்டச்சு செய்தாள். பாதியில் கையை எடுத்தாள்.

"லாரி நம்பரும் போட்டுடலாங்களா சார்?"

அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். அனுப்பினால் கூடம் இன்னும் காலியாகும். தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வசந்தமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, நூற்றியெட்டு, காலிக் கூடம், மூன்று வருடம், எல்லாம். கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள்.

"நீங்க பொரண்டு படுத்தா நம்ம கட்டிலே கத்துது. கட்டடம் எம்மாத்திரமுங்க?" என்றாள். பிறகு, "காலியா இருந்தா காலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அந்தப் புள்ளைக்குப் பொழப்பு கெடைக்கட்டும்," என்றாள். பீன்ஸை நறுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிர்வுக்குக் காரணம்: கிழக்குப் பாதியில் ஒருவர் எட்டு நடை நடந்தது. பெயர்: வி. தெய்வசிகாமணி, கட்டட வடிவமைப்பாளர். எடை: 91 கிலோ. அதிர்வு அடங்காததற்குக் காரணம்: வடிவமைப்பில் எதிர்பார்த்த ஆட்களும் சாமான்களும் அங்கே இல்லை, கூடம் மூன்று வருடமாகக் காலி. பரிகாரம்: கூடத்தின் பெரும் பகுதி ஆய்வகத்துக்கு விடப்படும். ஆய்வகத்தின் கனமான அலமாரிகள் நடுவில் நிற்கும். கூரைவரை தடுப்புகள் எழுப்பப்படும்.

டாக்டர் ஷமீனா அதை நின்றபடியே படித்தார்.

"உங்க பேரப் போடணும்னு கட்டாயம் இல்லீங்க சார்."

"போடாட்டி அவங்க லாரியத் தேடுவாங்க," என்றேன்.

இந்தத் தடவை சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. தடுப்புகள் நின்ற பிறகு ஒருமுறை அளந்து அனுப்ப வேண்டுமாம். பிள்ளையாருக்குப் பாக்கி இருக்கிறது. எங்கே சுற்றுவது?

செப்டம்பர் 9, செவ்வாய்

அலமாரிகள் வந்து இறங்கின. உள்ளே மெழுகில் பதித்த சதைத் துணுக்குகள், ஆயிரக்கணக்கில். வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். நாலு ஆள் சேர்ந்து தள்ளினார்கள். மஞ்சள் எட்டின் மேலேயே நிறுத்தச் சொன்னேன். தடுப்புகள் கூரைவரை எழும்பிவிட்டன. ஆய்வகத்துக்குப் புதிதாக எடுத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் என் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யார் எங்கே உட்காருவது என்று அதற்குள் ஒரு சண்டை.

சோதனை. நானே நிமிடத்துக்கு நூற்றியெட்டில் அலமாரிகளைச் சுற்றி நடந்தேன், குதிகாலை ஊன்றி, 91 கிலோவோடு. பரிமளம் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வரலீங்க சார்."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேனுங்க. நீங்க இருக்கறதே தெரியல."

சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

செப்டம்பர் 11, வியாழன்

இனி காலையில் பூங்காவில் நடக்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் நல்லவர்கள்தான். என்னைவிட வேகமாக நடக்கிறார்கள்.

பத்தரை மணிக்கு டாக்டர் ஷமீனா கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் பெரிய லென்ஸைப் போட்டு வைத்திருந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஊதாப் புள்ளிகள். ஒவ்வொன்றும் எழுதி வைத்தது போல நின்றது.

"ஆடுதுங்களா சார்?"

"இல்லைங்க."

"கெட்டது எதுவும் இல்லைன்னு இதப் பாத்துத்தான் இப்ப எழுதினேன். ஆடிட்டு இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன். இன்னொருக்கா ஊசி போட்டு எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. வெளியே வந்தேன். முடிவு இன்னும் தட்டச்சில் இருந்தது. நடைபாதை பெஞ்சில் ஒரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் மஞ்சள் பை, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லவும் கூடாது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவரைத் தாண்டி நுனிக்காலில் நடந்தேன். அலமாரிகள் வந்த பிறகு அதற்கு அவசியமே இல்லை, கணக்குப்படி நான் குதித்தால்கூட ஒன்றும் ஆகாது. ஆனாலும் நுனிக்காலில்தான் போனேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னையும் என் காலையும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஏனுங்ணா, கால்ல முள்ளுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

"பாத்துப் போங்ணா."

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.